மெயில் சர்வருக்குப் பெயர் வைப்பது எப்படி? ஹோஸ்ட்நேம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சொந்தமாக மெயில் சர்வர் நிறுவக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, "ஹோஸ்ட்நேமைச் சரியாக வையுங்கள்" என்பது. அறிவுரையில் தப்பில்லை. ஆனால் சொல்கிறவர் மனதில் இருப்பது ஒன்று, கேட்கிறவர் புரிந்துகொள்வது வேறொன்று. ஒருவர் லினக்ஸ் இயந்திரத்துக்கு வைத்த பெயரைச் சொல்வார். இன்னொருவர் மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதைச் சொல்வார். வேறொருவர் கைப்பேசியில் மெயில் கணக்கைச் சேர்க்கும்போது 'சர்வர்' என்ற கட்டத்தில் நிரப்புவதைச் சொல்வார். மூன்றிலும் ஒரே பெயரை எழுதலாம். ஆனால் மூன்றின் வேலையும் வேறு வேறு.

இது பிரியாமல் சர்வரை நிறுவினால் என்ன ஆகும்? உள்ளே வரும் மெயில் ஒழுங்காக வந்துவிடும். வெளியே அனுப்புவது மட்டும் திரும்பி வரும், அல்லது ஸ்பாம் பெட்டியில் போய் விழும். உடனே அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று காதில் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனையும் போட்டு முடித்த பிறகும் சர்வர் பாட்டுக்கு 'உபுண்டு-2ஜிபி' என்றோ 'லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்டொமைன்' என்றோ ஊருக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்.

இது புதிதாக மெயில் சர்வர் வைப்பவர்களுக்கான கட்டுரை. சில இடங்களில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை உதாரணமாக எடுத்திருக்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் அடிப்படை இதுதான்.

மாடியில் ஓர் ஏஜென்சி

ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் 'வேலன் ஏஜென்சீஸ்' என்று ஒரு விநியோகக் கடை வாடகைக்கு இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பு, டீத்தூள், ஊறுகாய் என்று வேறு வேறு கம்பெனிச் சரக்கை எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறார்கள். அவர்களுடைய ஆள் ஒருவர் புதிதாக ஒரு மளிகைக் கடைக்குச் சரக்கோடு போய் நிற்கிறார். "வேலன் ஏஜென்சீஸிலிருந்து வருகிறேன்" என்கிறார். மளிகைக்காரர் அவரை முன்பின் பார்த்ததில்லை. போலிச் சரக்கு வாங்கிச் சூடுபட்ட அனுபவம் வேறு இருக்கிறது. அதனால் விசாரிக்கிறார்.

விசாரணையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, வந்தவர் வாயால் சொல்லும் பெயர். இரண்டாவது, வேலன் ஏஜென்சீஸின் விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருக்கும் முகவரி. வந்தவர் உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறாரா? மூன்றாவது, அந்த வளாகத்தின் நுழைவாயிலில் எந்த மாடியில் யார் என்று எழுதி வைத்திருக்கும் பலகை. அதில் இரண்டாவது மாடிக்கு நேரே என்ன பெயர் இருக்கிறது? வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கார்டில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். பலகையில் மட்டும் வாடகைக்கு இருப்பவர் கை வைக்க முடியாது, கட்டட உரிமையாளர்தான் எழுத வேண்டும். அந்தப் பலகையின் மதிப்பே அதில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையின் பெயர் 'வேலன் ஏஜென்சீஸ்'. சோப்பின் பெயரோ டீத்தூளின் பெயரோ கடைக்கு வைக்கப்படவில்லை. மளிகைக்காரரும் "டீத்தூள் கம்பெனியின் பெயர் ஏன் பலகையில் இல்லை" என்று கேட்க மாட்டார். ஹோஸ்ட்நேம் பற்றிய குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இயந்திரத்தின் முழுப்பெயர்

இனி கணினிக்கு வருவோம். இணையத்தில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதுதான் ஐபி முகவரி. இந்தக் கட்டுரை முழுக்க 203.0.113.25 என்ற எண்ணை வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் எண்களில் இது ஒன்று, நிஜத்தில் யாருக்கும் சொந்தமில்லை. எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான்.

ஹோஸ்ட்நேம் என்பது அந்த ஒரு இயந்திரத்தின் பெயர். லினக்ஸில் 'மெயில்' என்று ஒற்றைச் சொல்லாகவும் வைக்கலாம், 'மெயில்.எக்ஸாம்பிள்.காம்' என்று புள்ளிகளோடு முழுசாகவும் வைக்கலாம். வீட்டுக்குள் 'சின்னவன்' என்று கூப்பிட்டால் போதும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் கேட்பார்கள் அல்லவா? மெயில் சர்வர் வெளி உலகத்தோடு பேசுவது, அதனால் முழுப்பெயர்தான் வேண்டும். புள்ளிகளோடு கூடிய இந்த முழு வடிவத்தை எஃப்க்யூடிஎன் என்பார்கள். வழிகாட்டிகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் மிரள வேண்டாம், இயந்திரத்தின் முழுப்பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டும்தான் வரலாம். அடிக்கோடு கூடாது. புள்ளிகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு துண்டும் 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும்; லினக்ஸ் முழு ஹோஸ்ட்நேமுக்கே 64 எழுத்துதான் இடம் தருகிறது. நடைமுறையில் யாரும் அவ்வளவு நீளமாக வைப்பதில்லை.

சர்வர் சொல்லும் முதல் வார்த்தை

ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மெயில் போகும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321. நடுவில் எவ்வளவோ சேர்ந்திருக்கிறது, ஆனால் உரையாடலின் தொடக்கம் அன்று போலவே இருக்கிறது.

நம் சர்வர் எதிர்ச் சர்வரின் 25-ஆம் போர்ட்டில், அதாவது மெயிலுக்கான வாசலில், போய்க் கதவைத் தட்டும். எதிர்ச் சர்வர் 220 என்ற எண்ணோடு தன் பெயரைச் சொல்லி வரவேற்கும். அடுத்து நம் சர்வர் ஹெலோ என்ற கட்டளையையோ, 1993-இல் வந்த அதன் விரிவான வடிவமான ஈஹெலோவையோ அனுப்பி, அதனோடு தன் பெயரைச் சொல்லும். யார் அனுப்பியது, யாருக்கு, கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த இடத்தில் சொல்லப்படும் பெயரை இனி ஹெலோ பெயர் என்று குறிப்பிடுகிறேன்.

இந்த ஹெலோ பெயர் எங்கிருந்து வருகிறது? தனியாக எதுவும் சொல்லாவிட்டால், மெயில் மென்பொருள் இயந்திரத்தின் ஹோஸ்ட்நேமையே எடுத்துக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நீங்கள் நிரப்பாவிட்டால் அது இயங்குதளத்திடம் "என் பெயர் என்ன" என்று கேட்கும். அங்கே 'மெயில்' என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், பின்னால் 'லோக்கல்டொமைன்' என்று ஒட்டிக்கொண்டு 'மெயில்.லோக்கல்டொமைன்' என்று வெளியே போய்ச் சொல்லும். இணையத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. எதிர்ச் சர்வர் சந்தேகப்பட்டால் அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

விதி என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹெலோ பெயரும் ஐபி முகவரியும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம், ஆனால் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் கடிதத்தை மறுக்கக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 5321. இதை எடுத்துக்காட்டி "அப்படியானால் ஹெலோ பெயர் எதுவாக இருந்தால் என்ன" என்று வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். ஏட்டளவில் சரி. நடைமுறையில் மெயில் வாங்கும் பக்கத்துக்காரர் தன் வாசலில் தன் விதியைத்தான் வைப்பார். முழுப்பெயர் இல்லாத ஹெலோவை மறுப்பதற்கும், டிஎன்எஸ்ஸில் இல்லாத ஹெலோ பெயரை மறுப்பதற்கும் போஸ்ட்ஃபிக்ஸிலேயே தயாராக விசைகள் இருக்கின்றன. மறுக்காத இடங்களிலும் ஸ்பாம் மதிப்பெண் கூடும்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

இப்போது டிஎன்எஸ். பெயருக்கு எண்ணும் எண்ணுக்குப் பெயரும் சொல்லும் இணையப் பதிவேடு அது. ஆதியில் இந்த வேலையை ஒரே ஒரு கோப்பு செய்துகொண்டிருந்தது. ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற அந்தக் கோப்பை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பராமரிப்பார்கள், மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். இயந்திரங்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அதன் இடத்தைப் பிடித்தது. உங்கள் லினக்ஸில் ஈடிசி அடைவுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு அந்தப் பழைய காலத்தின் மிச்சம்.

டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு பதிவையும் ரெக்கார்டு என்பார்கள். நமக்கு இங்கே இரண்டு முக்கியம்.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போவது ஏ ரெக்கார்டு. மெயில்.எக்ஸாம்பிள்.காம் எங்கே என்று கேட்டால் 203.0.113.25 என்று பதில் வரும். இதை எழுதுவது நீங்கள்தான், டொமைன் வாங்கிய இடத்தின் பக்கத்தில். விசிட்டிங் கார்டில் அச்சிட்ட முகவரி இது.

எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்புவது பிடிஆர் ரெக்கார்டு. 203.0.113.25 யாருடையது என்று கேட்டால் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று பதில் வர வேண்டும். இதை உங்கள் டொமைன் பக்கத்தில் எழுத முடியாது. எத்தனையோ பேர் அங்கே பிடிஆர் என்ற வகையைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டு, "போட்டேன், ஆனால் வேலை செய்யவில்லை" என்கிறார்கள். வேலை செய்யாது. எண்ணுக்குச் சொந்தக்காரர் நீங்கள் இல்லை. விபிஎஸ்ஸை, அதாவது உங்கள் சர்வரை, வாடகைக்குக் கொடுத்த நிறுவனம்தான். நுழைவாயில் பலகை அவர்கள் கையில் இருக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 'ரிவர்ஸ் டிஎன்எஸ்' என்ற பெயரில் அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கும். டிஜிட்டல்ஓஷனில் அப்படிக் கட்டம் இல்லை, சர்வருக்கு நீங்கள் வைக்கும் பெயரே பிடிஆர் ஆகிவிடும், அதனால் அங்கே முழுப்பெயரையே வைக்க வேண்டும். சில இடங்களில் டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

மெயில் வாங்கும் சர்வர் செய்யும் சோதனை இதுதான். கதவைத் தட்டிய ஐபி எண்ணை எடுத்துப் பிடிஆர் பார்க்கிறது. ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயருக்கு ஏ ரெக்கார்டு பார்க்கிறது. அதே எண் திரும்பக் கிடைக்க வேண்டும். போன வழியில் திரும்பி வந்தால் வட்டம் மூடியது. ஏன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்? எண் வைத்திருக்கும் ஒருவர் பிடிஆரில் 'மெயில்.கூகுள்.காம்' என்றுகூட எழுதிக்கொள்ளலாம். ஆனால் கூகுளின் ஏ ரெக்கார்டை அவரால் மாற்ற முடியாது. அதுபோல டொமைன் வைத்திருக்கும் ஒருவர் யாருடைய எண்ணை வேண்டுமானாலும் ஏ ரெக்கார்டில் எழுதலாம், அந்த எண்ணின் பிடிஆரை மாற்ற முடியாது. இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் வட்டம் மூடும்.

ஜிமெயில் இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் அவர்களுடைய அனுப்புநர் விதிகளில், ஏ ரெக்கார்டும் பிடிஆரும் பொருந்த வேண்டும் என்பது சிறிய அனுப்புநர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு நாளைக்கு 5000 மெயில் என்ற வரம்பு டிமார்க் போன்ற கூடுதல் நிபந்தனைகளுக்கானது, இதற்கல்ல. உங்கள் சர்வரின் பதிவேட்டில் (லாக்) 550 5.7.25 என்ற எண்ணோடு ஜிமெயில் மறுத்திருந்தால், காரணம் இந்த வட்டம் மூடாததுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். சர்வர் தன் வாயால் சொல்வது ஹெலோ பெயர். பெயரிலிருந்து எண்ணுக்கு ஏ ரெக்கார்டு, எண்ணிலிருந்து பெயருக்குப் பிடிஆர். மூன்றிலும் ஒரே முழுப்பெயர் வந்துவிட்டால் ஹோஸ்ட்நேம் விஷயத்தில் வெளி உலகம் உங்களிடம் கேட்க வேறொன்றும் இல்லை.

ஐந்து டொமைனுக்கு ஐந்து ஹோஸ்ட்நேமா?

வேண்டாம். ஒன்றே போதும்.

டீத்தூள் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது டொமைன். அது சரக்கின் பெயர். ஹோஸ்ட்நேம் கடையின் பெயர். ஒரே சர்வரில் ஐந்து டொமைன்களுக்கு மெயில் வைத்திருந்தாலும், கதவைத் தட்டும்போது சர்வர் சொல்லும் பெயர் ஒன்றுதான். அனுப்புகிறவரின் டொமைனும் ஹெலோ பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நிறுவன டொமைன்களை ஜிமெயிலில் வைத்திருப்பவர்களின் கடிதமும் கூகுள் சர்வரின் பெயரில்தான் போகிறது. இது தெரியாமல் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு பிடிஆர் என்று ஒரே எண்ணுக்கு ஐந்து பிடிஆர் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பலகையில் ஒரே மாடிக்கு ஐந்து பெயர் எழுதினால் விசாரிக்க வருகிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு எண், ஒரு பெயர்.

அப்படியானால் ஒரு டொமைனுக்கு வரும் கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று யார் சொல்வது? எம்எக்ஸ் ரெக்கார்டு. "இந்த டொமைனுக்கான மெயிலை இந்தப் பெயருள்ள சர்வரிடம் கொடுங்கள்" என்பது அதன் பொருள். ஐந்து டொமைன்களின் எம்எக்ஸ்ஸும் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற ஒரே ஹோஸ்ட்நேமைக் காட்டலாம். எம்எக்ஸ்ஸில் ஐபி எண்ணை எழுதக் கூடாது, பெயர்தான். அந்தப் பெயர் வேறொரு பெயரின் மாற்றுப்பெயராகவும் இருக்கக் கூடாது, நேரடியாக ஏ ரெக்கார்டு இருக்க வேண்டும்.

எம்எக்ஸ் உள்ளே வரும் கடிதத்துக்கானது. ஹெலோவும் பிடிஆரும் வெளியே போகும் கடிதத்துக்கானவை. "மெயில் வருகிறது, அதனால் டிஎன்எஸ் எல்லாம் சரிதான்" என்ற முடிவு தவறாகப் போவது இதனால்தான்.

வெறும் டொமைனையே ஹோஸ்ட்நேமாக வைத்தால்?

எக்ஸாம்பிள்.காம் என்றே ஹோஸ்ட்நேம் வைத்துவிட்டால் சுருக்கமாக இருக்குமே என்று தோன்றும். வைக்காதீர்கள். காரணம் இரண்டு.

முதலாவது எளிது. வெறும் டொமைனின் ஏ ரெக்கார்டு பெரும்பாலும் இணையதளம் இருக்கும் வேறொரு சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும். வட்டம் மூடாது.

இரண்டாவது கொஞ்சம் உள்ளே போக வேண்டியது, ஆனால் இதில் மாட்டி மணிக்கணக்கில் தவிப்பவர்கள் அதிகம் என்பதால் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்ஃபிக்ஸில் மைடெஸ்டினேஷன் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. "இந்தப் பெயர்களுக்கு வரும் கடிதம் இந்த இயந்திரத்தின் லினக்ஸ் பயனர்களுக்கானது" என்பது அதன் பொருள். இயல்பாகவே அதில் ஹோஸ்ட்நேமும் இருக்கும். இன்னொரு பக்கம், நீங்கள் தரவுத்தளத்தில் உருவாக்கும் மெயில் கணக்குகளின் டொமைன்கள் விர்ச்சுவல் டொமைன் என்ற தனிப் பட்டியலில் இருக்கும். ஹோஸ்ட்நேமும் மெயில் டொமைனும் ஒன்றாகிவிட்டால், அந்தப் பெயர் இரண்டு பட்டியலிலும் வந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் அதை லினக்ஸ் பயனர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பயனரைத் தேடி, இல்லையென்று கடிதத்தைத் திருப்பிவிடும். இரண்டிலும் வைக்காதே என்று பதிவேட்டில் எச்சரிக்கையும் எழுதி வைக்கும். கணக்கு இருக்கிறது, கடவுச்சொல் சரியாக இருக்கிறது, ஆனாலும் 'பயனர் இல்லை' என்று மெயில் திரும்புகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. எம்எக்ஸ் நம் சர்வரைக் காட்டும், ஆனால் நம் சர்வரின் எந்தப் பட்டியலிலும் அந்த டொமைன் இருக்காது. அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் "இதை வேறு யாரிடமோ கொடுக்க வேண்டும் போலிருக்கிறது" என்று எம்எக்ஸ் பார்த்து, அது தன்னையே காட்டுவதைக் கண்டு, 'லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' என்று கைவிட்டுவிடும். ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்து இரண்டாவது சர்வர் உருவாக்கி, ஹோஸ்ட்நேமை மாற்ற மறந்தாலும் ஏறக்குறைய இதே கூத்துதான். எதிரில் இருப்பவர் என் பெயரையே சொல்கிறாரே என்று ஒன்றோடொன்று பேச மறுத்துவிடும்.

ஆகவே முன்னால் ஒரு துண்டு சேர்த்து மெயில், எம்எக்ஸ், பாக்ஸ் என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை. மெயில்-இன்-எ-பாக்ஸ் என்ற தொகுப்பு 'பாக்ஸ்' என்று வைக்கச் சொல்லும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

எந்த வரிசையில் செய்வது

பெயரைத் தீர்மானித்ததும் முதலில் ஏ ரெக்கார்டு, பிறகு பிடிஆர், கடைசியாக இயந்திரத்தில் ஹோஸ்ட்நேம். சில நிறுவனங்கள் ஏ ரெக்கார்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிஆரை அனுமதிக்கும் என்பதால் இந்த வரிசை வசதி. டொமைன் கிளவுட்ஃபிளேரில் இருந்தால், இந்த ஏ ரெக்கார்டுக்கு மட்டும் ஆரஞ்சு மேகத்தை அணைத்துச் சாம்பல் நிறமாக்கிவிடுங்கள். ஆரஞ்சில் இருந்தால் உங்கள் எண்ணுக்குப் பதில் அவர்களுடைய எண் வெளியே போகும், மெயிலும் வராது, வட்டமும் மூடாது.

இயந்திரத்தில் பெயர் வைக்க, ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்ற கட்டளையில் செட்-ஹோஸ்ட்நேம் என்று சொல்லி முழுப்பெயரைக் கொடுத்தால் போதும். கூடவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி. டெபியன், உபுண்டு வகைகளில் 127.0.1.1 என்ற எண்ணுக்கு நேரே முதலில் முழுப்பெயர், அதன் பின் குறும்பெயர் என்று எழுதுவது வழக்கம். இடம் மாற்றி எழுதினால் முழுப்பெயர் கேட்கும் நிரல்களுக்குக் குறும்பெயர் போய்ச் சேரும். ஹோஸ்ட்நேம் கட்டளையோடு -எஃப் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்; முழுப்பெயர் வந்தால் சரி.

அப்புறம் சர்வரை ஒரு முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பெயர் பழையபடி மாறிவிட்டதா? அது கிளவுட்-இனிட்டின் வேலை. விபிஎஸ்ஸோடு வரும் தயார் இயங்குதளப் பிரதிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும் இந்த நிரல், ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறுவனம் வைத்த பெயரைத் திரும்ப எழுதக்கூடும். அதன் அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம்' என்பதை ட்ரூ ஆக்கினால் அடங்கும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒரு மறுதொடக்கத்துக்குப் பிறகு திடீரென்று ஸ்பாமுக்குப் போக ஆரம்பித்தால் இதைச் சந்தேகியுங்கள்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. பெயர் சொல்லாமல் தொடங்கினால், கன்டெய்னரின் ஹோஸ்ட்நேம் 12 இலக்க அடையாள எண்ணாகவே இருக்கும். வெளியே உள்ள இயந்திரத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மெயில் நிரலுக்கு அது தெரியாது. காம்போஸ் கோப்பில் ஹோஸ்ட்நேம் என்ற வரியில் முழுப்பெயரைக் கொடுக்க வேண்டும். மெயில்கவ் போன்ற தொகுப்புகள் நிறுவும்போதே இதைக் கேட்டுவிடும், அங்கே அவசரப்பட்டு எதையாவது அடித்துவிடாமல் இருந்தால் சரி.

போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேம் வரியில் முழுப்பெயரை வெளிப்படையாகவே எழுதிவிடுவதுதான் என் வழக்கம். இயங்குதளத்தின் பெயர் எப்போதாவது மாறினாலும் மெயிலுக்கு ஆபத்து வராது. எக்ஸிம் என்ற வேறொரு மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்வது பிரைமரி_ஹோஸ்ட்நேம்.

பூட்டுச் சின்னம் எந்தப் பெயரைப் பார்க்கிறது

பயனர்கள் கைப்பேசியிலோ தண்டர்பேர்டிலோ சர்வர் பெயராக மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று கொடுக்கிறார்கள். அந்தச் செயலி இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். அது பார்ப்பது பயனர் தட்டச்சு செய்த பெயரை. ஹெலோவையோ பிடிஆரையோ அல்ல. ஆகவே லெட்ஸ் என்கிரிப்டில் சான்றிதழ் வாங்கும்போது ஹோஸ்ட்நேமுக்கு வாங்கி, ஐந்து டொமைன்காரர்களுக்கும் இந்த ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால் வேலை மிச்சம். ஒவ்வொருவரும் தங்கள் டொமைன் பெயரையே அங்கே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒவ்வொன்றையும் சான்றிதழில் சேர்க்க வேண்டும். செய்யலாம். அழகுக்காக மட்டும் என்றால் நான் செய்ய மாட்டேன்.

ஐபிவி6: மறந்துபோகும் பின்வாசல்

எல்லாம் சரியாக இருக்கிறது, மற்ற இடங்களுக்கு மெயில் போகிறது, ஜிமெயில் மட்டும் பிடிஆர் இல்லை என்கிறது. பிடிஆர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே?

பல விபிஎஸ்களுக்கு ஐபிவி6 என்ற நீளமான இரண்டாவது முகவரியும் உண்டு. ஜிமெயிலுக்கும் அது இருப்பதால், உங்கள் சர்வர் பல நேரம் அந்த வழியாகவே போகும். அந்த முகவரிக்குத் தனியாகப் பிடிஆரும், பெயரிலிருந்து அந்த முகவரிக்குப் போகும் நான்கு-ஏ (ஏஏஏஏ) ரெக்கார்டும் வேண்டும். இரண்டையும் போடுங்கள். முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸில் 'இன்னெட்_புரோட்டோகால்ஸ்' வரியில் ஐபிவி4 மட்டும் என்று சொல்லி அந்த வாசலை மூடிவிடலாம். சிறிய சர்வருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டு இணைப்பில் சர்வர் வைத்தால்

வீட்டு பிராட்பேண்டில் ஐபி எண் மாறிக்கொண்டே இருக்கும், பிடிஆர் உங்கள் கையில் இருக்காது, 25-ஆம் போர்ட்டும் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். போதாக்குறைக்கு, வீட்டு இணைப்பு எண்களை ஸ்பாம்ஹவுஸ் நிறுவனம் 'இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது' என்ற பட்டியலில் வைத்திருக்கும். இந்த நிலையில் ஹோஸ்ட்நேமை எவ்வளவு அழகாக வைத்தாலும் பலகை உங்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. வெளியே போகும் கடிதத்தை மட்டும் நமக்காக வாங்கி அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை வழியாக அனுப்புவதுதான் நடக்கக்கூடிய வழி. அப்போது ஊரோடு பேசுவது ரிலேயின் ஹோஸ்ட்நேம், சோதனையும் அதற்குத்தான். உங்கள் பெயருக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளையில் பெயரைக் கொடுத்தால் எண் வர வேண்டும்; -எக்ஸ் சேர்த்து எண்ணைக் கொடுத்தால் பெயர் வர வேண்டும். இதை சர்வருக்குள் இருந்து செய்யாமல் வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள். ஹோஸ்ட்நேம், பிங் போன்ற கட்டளைகள் சர்வருக்குள்ளே ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்து நல்ல பதிலாகச் சொல்லிவிடும், வெளி உலகம் பார்ப்பது வேறாக இருக்கும்.

இதைவிட நம்பகமானது, மறுபக்கத்தின் பதிவைப் படிப்பது. நண்பர் ஒருவரின் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வருக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதன் தலைப்பு வரிகளை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரியில் முதலில் ஒரு பெயர் இருக்கும். அது உங்கள் சர்வர் வாயால் சொன்ன ஹெலோ பெயர். அடுத்து அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரும் ஐபி எண்ணும் இருக்கும். அந்தப் பெயர் அவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நன்று. இரண்டாவது இடத்தில் 'அன்நோன்' என்று இருந்தால் வட்டம் மூடவில்லை: பிடிஆர் இல்லை, அல்லது பிடிஆர் காட்டும் பெயர் அதே எண்ணுக்குத் திரும்பவில்லை. இரண்டாவது இடத்தில் ஐபி எண்ணையே கோத்துச் செய்த நீளமான பெயர் ஒன்று வந்தால், அது நிறுவனம் தானாக வைத்த பிடிஆர். வட்டம் மூடியிருக்கலாம், ஆனால் அத்தகைய பெயர்களைப் பல ஸ்பாம் வடிகட்டிகள் வீட்டு இணைப்பு என்று எடைபோடும். மாற்றிவிடுங்கள்.

கூடவே ஒரு சின்ன வேலை. எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் ரெக்கார்டு. டொமைனுக்குப் போடுகிறோம், ஹோஸ்ட்நேமுக்குப் போட மறந்துவிடுகிறோம். 'உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை' என்று சர்வரே எழுதும் அறிவிப்புகளில் அனுப்புநர் முகவரி காலியாக இருக்கும். அப்போது எஸ்பிஎஃப் சோதனை ஹெலோ பெயரின் மேல் நடக்கும். ஆகவே மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயருக்கும், அதன் ஏ ரெக்கார்டில் உள்ள எண்ணுக்கு மட்டும் அனுமதி என்று ஒரு வரி எஸ்பிஎஃப் போட்டுவையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்போதும் மெயில் ஸ்பாமுக்குத்தான் போகிறது என்றால் ஹோஸ்ட்நேமை விட்டுவிடுங்கள். டிஎன்எஸ் பதில்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் சேமிப்பில் இருக்கும் என்பதால், தினம் ஒரு பெயர் மாற்றிப் பார்ப்பது குழப்பத்தைத்தான் கூட்டும். உங்களுக்கு முன் அந்த ஐபி எண்ணை வாடகைக்கு வைத்திருந்தவர் என்ன அனுப்பினார், தடைப்பட்டியல்களில் அந்த எண் இருக்கிறதா, டிகிம் கையொப்பம் பொருந்துகிறதா என்று அடுத்து அங்கே போய்ப் பாருங்கள்.